ஆமென் சொல்லாத மூப்பர்

"இண்டைக்கு மூப்பருக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு. இருந்து பார்!" என்றான் ஞானப்பிரகாசம்.

பக்கத்தில் சப்பணம் கட்டியிருந்த மயில்வாகனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் வட்டக்கச்சியில் வயல் செய்கிற சைவக்காரன். சிநேகிதன் ஞானப்பிரகாசத்தின் தங்கை சுசிலாவின் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று கடற்கரைப் பக்கம் வந்திருந்தான்.

"ஏன் மச்சான்?"

"காலமைப் பூசையில சுவாமியார் பிரசங்கம் வைச்சவர். சாமுவேல் எண்ட தீர்க்கதரிசி வந்து ஆசீர்வதிக்குமட்டும் விருந்துக்கு வந்த சனம் ஒரு வாயும் சாப்பிடாதாம். சொல்லிப்போட்டுச் சைக்கிளில அடுத்த ஊருக்குப் போட்டார். சாப்பாட்டை ஆசீர்வதிக்கிற வேலை எங்கட கோயில் யாக்கோப்பு மூப்பருக்கு. இனி இவர்தான் சாமுவேல்!"

"ஏன், சனம் தாங்களே கும்பிட்டிட்டுச் சாப்பிட்டாலென்ன?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. பெரிய மனிசரெண்டு காட்டத்தானாக்கும்."

பூசையில் நற்கருணை நன்மை எடுப்பதற்காக, நடுச்சாமத்தில் இருந்து ஒருவர் வாயிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை. இப்போது உச்சி வெயில். தாமரையிலையில் பொரித்த மீன் வந்துவிட்டது. பின்பக்கக் குசினியில் இருந்து சோறு வரவேண்டியதுதான். பந்தலின் முன்னுக்கு, முல்லைத்தீவில் இருந்து வண்டில் கட்டி வந்த சுசிலாவின் மாமியார் கதிரையில் இருந்தா.

மூப்பர் எழும்பிச் சிலுவை போட்டார். சின்னதாய் ஒரு செபம். ஆமென் அவர் வாய்நுனிக்கு வந்துவிட்டது. ஞானப்பிரகாசத்தின் கை மீனுக்குப் போய்விட்டது.

பின்பக்கம் 'தொப்' என்று ஒரு சத்தம்.

"தேங்காய் விழுந்திட்டுது போல," என்றான் மயில்வாகனம்.

"எல்லாரும் முழந்தாளில நில்லுங்கோ! கண்ணை மூடுங்கோ!" மூப்பர் இடிபோல முழங்கினார். "சகல அர்ச்சியசிஷ்டவர்களின் பிரார்த்தனை!"

"நான் சொன்னனானெல்லோ!" என்று பல்லைக் கடித்தான் ஞானப்பிரகாசம்.

"அர்ச்சியசிஷ்ட இராயப்பரே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"அர்ச்சியசிஷ்ட சின்னப்பரே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

பசி ஏற ஏறப் பதிலும் ஓட்டமெடுத்தது. சூசையப்பர் போனார். சவேரியார் போனார். செபஸ்தியார் போனார். மூப்பர் நிற்கிறவராக இல்லை.

"உங்கட ஆக்களில இன்னும் எத்தினை பேர் மச்சான்?"

"மோட்சம் முட்டப் புனிதர்மார் இருக்கினம். பேசாமல் சொல்லு."

"சின்னப்பரை இப்ப ரெண்டாந்தரமும் கூப்பிடுறாரே!"

முன்னுக்கு மாமியாரின் குரல் கேட்டது. "இதென்ன, விருந்தோ தவசுகாலமோ?"

ஞானப்பிரகாசத்துக்கு உடம்பு எரிந்தது. இந்த ஒரு சாப்பாட்டைச் சொல்லியே தங்கச்சியை ஆயுசுக்கும் குத்திக் காட்டுவாவே! மூப்பரை முறைப்பதற்கு ஒரு கண்ணைத் திறந்தான்.

மூப்பர் கண் மூடவே இல்லை! எல்லாருடைய தலைக்கு மேலாலும் குசினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'கள்ளச் செபம்! சோத்தையெல்லோ பாக்கிறார்!' மெல்லத் திரும்பினான்.

குசினி வாசலில் பெரிய சோற்றுப்பானை உடைந்து கிடந்தது. சோறு முழுக்க மணல். சுசிலா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றாள். கிடுகு வேலியின் ஓட்டைப் பொட்டுக்குள்ளால் அயல்வீட்டுப் பெண்டுகள் தங்கள் வீட்டுச் சோற்றைப் பானையோடு தூக்கிக்கொண்டு, பூனைபோல ஒவ்வொருவராய் நுழைந்துகொண்டிருந்தார்கள். கடைசியாய் வந்த மரியமலரின் பானைதான் பெரிசு. அது பொட்டுக்குள் இறுகி நின்றது. அவள் இழுக்கிறாள், அது வரமாட்டேன் என்கிறது.

"அர்ச்சியசிஷ்ட..." மூப்பர் தடுமாறினார். "அர்ச்சியசிஷ்ட..." முகமெல்லாம் வேர்வை. கூப்பிட ஆட்கள் முடிந்துபோனார்கள்.

மாமியார் தலையைத் திருப்பத் தொடங்கினா.

ஞானப்பிரகாசம் இரண்டு கண்ணையும் இறுக மூடினான்.

"மூப்பர், அர்ச்சியசிஷ்ட லூசியம்மாளை மறந்துபோனியள்!" தொண்டை கிழியக் கத்தினான். "அவாவுக்கு மூண்டுதரம் சொல்லவேணும்!"