வேங்கையின் இன்ஜின்

ஒரு பட்டறையில் வேங்கை என்றொரு சிவப்பு அமெரிக்கக் கார் இருந்தது. அது உறுமினால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். ஒருநாள் அதன் பக்கத்தில் புதிதாக ஒரு நீலக் கார் வந்து நின்றது. அதற்கு இன்னும் இன்ஜினே வைக்கவில்லை.

"எனக்கு எந்த இன்ஜின் வைப்பாங்க, அண்ணே?" என்று நீலம் பயந்துகொண்டே கேட்டது.

"எட்டு சிலிண்டர் வெச்சா நீ நம்ம ஆளு. ஆறு வெச்சா தையல் மெஷின். பேட்டரி வெச்சுட்டாங்கன்னா தயவுசெஞ்சு என் பக்கத்துல நிக்காதே, என் மானம் போயிடும்" என்றது வேங்கை.

நீலம் தன் காலி பானெட்டை இறுக மூடிக்கொண்டது.

மறுநாள் மெக்கானிக்குகள் வந்து வேங்கையின் பானெட்டைத் திறந்தார்கள். அதன் இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி நீலத்துக்குள் இறக்கினார்கள். வேங்கைக்கோ பேட்டரியையும் மோட்டாரையும் மாட்டிவிட்டுப் போனார்கள்.

நீலம் கம்பீரமாக உறுமியது. வேங்கையும் உறுமிப் பார்த்தது. மின்விசிறி சுற்றுவதுபோல் ஒரு முனகல்தான் வந்தது. நேற்றுப் பேசியதெல்லாம் நினைவுக்கு வர, நீலம் எப்போது பதிலுக்குக் கேலி செய்யுமோ என்று அது கூனிக்குறுகி நின்றது.

நீலம் சட்டென்று உறுமலை நிறுத்தியது.

"கழட்டும்போது ரொம்ப வலிச்சுதா, அண்ணே?"

வேங்கையால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அது தாங்கியிருக்கும்.