எண்ணெய் போகும் துளை

சாக்கைப் பிரித்ததும் அவன் கை நின்றுவிட்டது.

உள்ளே இருந்தது எஞ்சினுக்குள் காற்றை அடைத்து இழுவையைக் கூட்டும் ஒரு டர்போ. இரண்டு கைக்குள் அடங்கும் இரும்பு நத்தை. சங்ககிரியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் காதர் பாய் காலை பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். மூன்று கை மாறிய சின்ன கார் ஒன்று ஷெட்டுக்குள் பானட்டைத் திறந்துகொண்டு இதற்காகத்தான் நின்றிருந்தது.

டர்போவின் மூடி சேரும் இடத்தில், பஞ்ச் வைத்துத் தட்டிய மூன்று புள்ளிகள்.

கழற்றினால் திரும்ப அதே வாகில் மாட்ட வேண்டும் என்று எல்லா மெக்கானிக்கும் புள்ளி வைப்பார்கள். இரண்டு வைப்பார்கள். மூன்று வைப்பது திருச்செங்கோட்டில் அவன் ஒருவன்தான்.

காருக்கு டர்போ மாட்டியது அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. தனபாலின் காருக்கு. அதற்கப்புறம் மூன்று வருஷம், யார் வந்து கேட்டாலும் முடியாது என்று அனுப்பிவிட்டு, இப்போதுதான் இரண்டாவதாக ஒன்றுக்குத் தலையை ஆட்டியிருந்தான்.

தனபால் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். டர்போ மாட்டிய பன்னிரண்டாம் நாள், சங்ககிரி ரோட்டில் ஒரு லாரியை முந்தப் போய், எதிரே வந்த இன்னொரு லாரியில் மோதிச் செத்தான்.

வேகம் என்றார்கள்.

எல்லோருக்கும் முதலில் அதைச் சொன்னது அவன்தான். உடல் வீட்டுக்கு வருவதற்குள், தனபாலின் அப்பா நாச்சிமுத்துவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னான்.

"நிதானமாப் போடான்னு நானும் சொன்னனுங்கப்பா. அவன் எங்க கேட்டான்."

நாச்சிமுத்து தலையை ஆட்டினார்.  பெண்டாட்டியையும் கைப்பிள்ளையையும் நட்டாற்றில் விட்டுவிட்டுத் திமிரில் செத்தவனுக்குச் சுவரில் என்ன இடம் என்று, சட்டம் போட்டு வந்த படத்தை பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டார். திதி அன்றைக்குக்கூட அது வெளியே வரவில்லை. அந்தக் கைப்பிள்ளை இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். அப்பன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

எதிரே வந்த லாரி டிரைவர் மட்டும் ஸ்டேஷனில் வேறு மாதிரி சொன்னார். கார் வேகமாக வரவில்லை, முந்த ஏறி வந்தது பாதியில் இழுவை இல்லாமல் தொய்ந்துவிட்டது, பின்னால் ஒரே புகை என்று. தன் தலை தப்பச் சொல்கிறார் என்று அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் போட்டுக்கொண்டான்.

மாட்டிய அன்றைக்கு ஒரு ரவுண்டு போய் வந்த தனபால், விசிலடிக்குதுடா மாப்ள என்று சிரித்தது அதோடு சேர்ந்துகொண்டது. வீட்டில் குக்கர் வைத்தால் அவன் வாசலுக்கு எழுந்து போய்விடுவான். ஏன் என்று மனைவி கேட்பதை நிறுத்தி வெகுநாளாகிறது.

இப்போது அந்த விசில் மேஜை மேல் இருந்தது.

நடுவில் இருக்கும் தண்டைச் சுழற்றப் பார்த்தான். அசையவில்லை. மூன்று வருஷம் மழையில் கிடந்தால் எந்த இரும்பும் இப்படித்தான் இறுகும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அது தேறாது என்று தெரிந்தது.

டர்போவுக்குச் சோறும் தண்ணியும் எண்ணெய்தான். தலையில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். எஞ்சினிலிருந்து எண்ணெய் அது வழியாக இறங்கித் தண்டை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நின்றுபோனால் தண்டு கருகி இறுகிவிடும், வண்டிக்கு இழுவையும் போய்விடும்.

அந்தத் துளையின் வாயில் குழாயை வைத்து இறுக்க, நடுவில் கொடுக்கும் பேப்பர் பேக்கிங் அன்றைக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டியிருந்தது. தனபால் டிரம் மேல் உட்கார்ந்துகொண்டு ஆச்சா ஆச்சா என்று பிடுங்கினான். சரி போ என்று இவன் அதற்குப் பதிலாகச் சிவப்புப் பேஸ்டைப் பிதுக்கிப் பூசினான். ஒழுகிவிடக் கூடாதே என்று கொஞ்சம் தாராளமாகவே பூசினான். சிநேகிதன் வண்டி ஆயிற்றே.

பக்கத்தில் மண்ணெண்ணெய்த் தட்டு இருந்தது. எந்தப் பொருள் வந்தாலும் அதில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் பிரிப்பான். தேய்த்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

கை தட்டுவரை போனது.

போன கையை இழுத்து ஸ்பேனரை எடுத்தான். இரும்புக் கடையில் வெட்டிவிட்ட குழாயின் மொட்டைத் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு போல்ட். கழற்றிவிட்டு டார்ச் அடித்தான்.

துளைக்குள் மிளகு அளவுக்குச் சிவப்பு.

ஊசியால் தொட்டான். ரப்பராக அமுங்கியது. துளையை நிறைத்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

அழுகை வரவில்லை. பயமாக இருந்தது. தெரியாமல் இருந்தவரைக்கும் கொஞ்சமாவது தூங்க முடிந்தது என்று நினைத்தான். நினைத்ததற்கு வெட்கப்பட்டான்.

ஊசியைக் கொஞ்சம் நெம்பினால் வந்துவிடும். துளை சுத்தமாகிவிடும். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

தனபாலுக்குத் தெரியும்.

ஊசியைக் கீழே வைத்தான். காத்திருந்த காரின் பானட்டை இறக்கி மூடினான். டர்போவை அந்தச் சிவப்போடு துணியில் சுற்றி டூல் பையில் வைத்தான்.

நாச்சிமுத்து வீட்டுக்கு வண்டியில் பத்து நிமிஷம். என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.  பொருளைக் காட்டுவோம், அப்புறம் அவர் அடித்தாலும் சரி.

ஷட்டரை இறக்கப் போனவன் திரும்ப உள்ளே வந்தான்.

சுத்தியலை எடுத்துப் பையில் போட்டான். ஆணி டப்பாவை மேஜை மேல் கவிழ்த்து, சுவரில் அடித்தால் ஒரு படத்தைத் தாங்குகிற மாதிரி நல்லதாக ஒன்று தேடினான்.