ரேஸ்கார முதலாளி

ராஜ்கமல் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, பனியன் கம்பெனி முதலாளி மருதாசலம் வாயாலேயே கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

என்ஜின் ஓடவில்லை. பட்டறையில் நிறுத்தி வைத்த எஸ்டீம் காரில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அன்றுதான் மாட்டிய குட்டைக் கியர் ராடை முன்னும் பின்னும் தள்ளி, "டுர்ர்ர்... டுர்ர்ர்..." என்றார். வயது ஐம்பத்தெட்டு. மீசைக்கு அடித்த மையில் கொஞ்சம் உதட்டிலும் ஒட்டியிருந்தது.

"சும்மா சிக்குனு விழுகுது கண்ணு!"

ராஜ்கமல் சிரிப்பை அடக்க, ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். பல்லடம் ரோட்டில் அவன் பட்டறை வைத்து ஆறு வருடம். ரேஸ் பைத்தியம் பிடித்த காலேஜ் பையன்கள்தான் இந்தக் கியரைக் கேட்டு வருவார்கள். மீசைக்கு மையடிக்கிற வயதில் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

நாலு நாள் முன்பு அவர் வந்து கேட்டபோதே, வேண்டாம் என்றுதான் சொன்னான்.

"உங்களுக்கு எதுக்குங்க இது? ராடு நீளம் கொறையும், கியர் போடுற தூரம் பாதியாகும். ஆனா கொஞ்சம் அழுத்திப் போடணும்."

"கையை எட்டி நீட்ட வேண்டாமில்ல?"

"வேண்டாமுங்க. மணிக்கட்டுலயே போட்டுக்கலாம்."

"அப்பப் போட்ரு."

"டிரைவரண்ணனுக்குத்தான் சிரமமா இருக்கும்..."

"அவனை உடு. ஞாயித்துக்கிழமையானாப் பொங்கலூர்த் தோட்டத்துக்கு நானே ஓட்டிட்டுப் போகப்போறேன். எனக்கும் ஒரு ஆசை இருக்காதா?"

ராஜ்கமலுக்கு மனசு வரவில்லை.

காரணம் டிரைவர் சோணைமுத்து. அவருக்கும் ராஜ்கமலுக்கும் ஒரே ஊர்ப் பக்கம், சிவகங்கை. சில மாதமாகச் சோணைமுத்துவுக்கு இடது தோள் எழும்புவதில்லை. ஒன்றாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் கையை நீட்ட முடியாமல், உடம்போடு முன்னால் சாய்ந்து போடுவார். பிரேக் பார்க்க ஒருமுறை கூடப் போனபோது ராஜ்கமல் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மொதலாளி காதுல போட்றாதய்யா. இந்த வயசுல எவன் என்னைய வேலைக்கு வைப்பான்? மக நதியாவுக்கு இப்பத்தான் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கேன்."

"என் வாயிலேர்ந்து வராதுண்ணே," என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

மருதாசலம் அன்று விடவில்லை. "ஏங்கண்ணு, நீ வண்டி தெரிஞ்சவன். சோணைமுத்து ஓட்டறதுல ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"புலி மாதிரி ஓட்டறாருங்க!"

"புலியா?" மருதாசலம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, சரி. நீ கியரை மாட்டு."

மாட்டினான். மாட்டிய கையோடு எதிரே டீக்கடைக்குப் போய் வயிற்றெரிச்சலைக் கொட்டினான்.

"ஆளில்லாத மிஷினுக்கு லைட் எரிஞ்சா ஓடி வந்து அணைக்கிற மனுசன்யா அவரு. ரேஸ் கியருன்னா மட்டும் பை தானாத் தொறக்குது. தெனம் ஓட்டுறவன் தோளு என்ன ஆகும்னு ஒரு நெனப்பு உண்டா? பணம் வந்தா இந்த வயசுலயும் மைனர் ஆயிடுறாங்க."

சாயங்காலத்துக்குள் பனியன் கம்பெனி இருந்த ராயபுரம் முழுக்க 'ரேஸ்காரர்' என்ற பெயர் பரவிவிட்டது. அவர் கம்பெனி கட்டிங் மாஸ்டரே, "ஏனுங்க, போட்டி எப்பங்க?" என்று கேட்டாராம். மருதாசலம் மீசையைத் தடவிக்கொண்டாராம்.

ஒரு வாரம் கழித்துச் சோணைமுத்து மட்டும் வண்டியோடு வந்தார். முகத்தில் வெளிச்சம்.

"தம்பி, இப்பச் சாயாமப் போடுறேன். கைய மடியில வச்ச மாதிரியே வச்சுக்கிட்டுப் போட்றலாம்யா."

ராஜ்கமல் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "சும்மாவா? உங்களுக்காகவே தனியா கிரீஸ் வச்சு லேசாக்கிக் குடுத்தேன்ல."

எல்லா வண்டிக்கும் வைக்கிற கிரீஸ்தான்.

"ஆமா, ஞாயித்துக்கிழமை ரேஸ்காரர் எப்படி ஓட்டறாரு?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் ஓட்டறாரு," என்ற சோணைமுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

மூன்றாம் மாதம் மாரடைப்பில் மருதாசலம் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்தபின், ஆயில் மாற்ற வண்டி வந்தது. சோணைமுத்து டீக்கடைக்குப் போக, மருதாசலத்தின் மனைவி கோமளா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ராஜ்கமல் துக்கம் விசாரித்தான். பிறகு தொண்டையைச் செருமினான். இத்தனை நாள் மூடி வைத்த நல்ல மனதைக் காட்டச் சமயம் வந்துவிட்டது.

"அம்மா, அந்த ரேஸ் கியரைக் கழட்டிட்டுப் பழசையே போட்றட்டுங்களா? இனிமே ஞாயித்துக்கிழமை யாருங்க ஓட்டப்போறா? பாவம், டிரைவரண்ணனுக்கும் கொஞ்சம்..."

"ஞாயித்துக்கிழமையா?" கோமளா நிமிர்ந்தார். "அவரு எப்பத் தம்பி வண்டி ஓட்டுனாரு? மொபெட்டுகூட ஓட்டத் தெரியாதுங்களே அவருக்கு."

"அப்ப அந்தக் கியரு யாருக்குங்க?" என்றான் ராஜ்கமல்.

"அது சோணைமுத்தண்ணனுக்குப் போட்டதுங்க. தோளு எந்திரிக்கறதில்லைன்னு பின் சீட்டுல இருந்தே கண்டுக்கிட்டாரு. கேட்டா அந்த மனுசன் ரோசப்பட்டு வேலையை உட்டுட்டுப் போயிருவாருன்னு, தனக்கு ஆசைன்னு சொல்லிப் போட்டாரு. உங்களைக்கூட அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாருங்க. 'எவ்வளவு கிண்டியும் அந்த மெக்கானிக்குப் பையன் காட்டிக் குடுக்கலை கோமளா. புலிங்கறான். தங்கமான பையன்'னு."

டீக்கடையில் யாரோ சோணைமுத்துவிடம், "ரேஸ் வண்டி வந்திருச்சு டோய்!" என்று கத்தியது பட்டறை வரைக்கும் கேட்டது.

எஸ்டீமின் பழைய நீள ராடு இன்றும் ராஜ்கமலின் அலமாரியில், மேல் தட்டில் கிடக்கிறது.