இரண்டாவது மேடு

கோடு மறுபடியும் ஒரே மேடாக எழுந்து இறங்கியது.

இரண்டு பொருள்களை அவளே கலந்து வைத்த சோதனைக் கலவை; இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும்.

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கருவிக்குள், தலைமுடியை விட மெல்லிய கண்ணாடிக் குழாயில், மின்சாரம் மூலக்கூறுகளை இழுத்துக்கொண்டு போகிறது. முந்தி வருவது முந்தி மேடாகும். ஆனால் இவை இரண்டும் ஒரே எடை, ஒரே வேகம். இடது கையும் வலது கையும் மாதிரி.

இடது என்றால் மூக்கடைப்பு மருந்து.

வலது என்றால் போதை.

முதலில் சோதித்த ஆய்வுக்கூடத்தில் இதைப் பிரித்துப் பார்க்கவில்லை. போதைப்பொருள் உண்டு என்று எழுதிவிட்டார்கள். ரெமிஜியுஸைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

காலையில், மீதியிருந்த அவருடைய சிறுநீர் மாதிரியின் முத்திரையை உடைத்தபோது அவர் எதிரில் நின்றார். தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் ஃபிட்டர். பக்கத்தில் மனைவி ஜெனோவா, இடுப்பில் பெண் குழந்தையோடு.

"அமெரிக்காவுல கப்பல் நின்னப்ப மூக்கடைப்பு, மேடம். அங்க கடையில சும்மா விக்கான். வாங்கி உறிஞ்சினேன். அம்புட்டுதான்."

அவள் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"நாலு மாசமாக் கோயிலுக்குக்கூடப் போகல, மேடம்."

அவள் மாதிரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முடிவு வரும் முன் எதுவும் சொல்லக் கூடாது.

குழாயில் ஓடும் திரவத்தில் அவள் கலந்திருந்தது ஒருவகைச் சர்க்கரை. அதன் மூலக்கூறு வளையம் போல இருக்கும். இரண்டில் ஒரு கை அதற்குள் நன்றாகப் பொருந்தி, சற்றுத் தாமதமாக வர வேண்டும். தாமதமானது. ஆனால் போதவில்லை. வேறொரு வளையத்தை நேற்றே போட்டுப் பார்த்துவிட்டாள். அதிலும் இதே கதைதான்.

இரண்டு வளையங்களையும் சேர்த்துக் கலந்தாள்.

இரண்டு கையும் உண்டு என்று தெரிந்த அந்தச் சோதனைக் கலவையை முதலில் ஓட்டினாள்.

மேடு எழுந்தது. இறங்கியது. தரையைத் தொட்டது.

மறுபடி எழுந்தது.

பிறகு அவருடையது.

இடது எழுந்தது. இறங்கியது. அதற்குப் பிறகு கோடு தரையிலேயே ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. இல்லை என்று எழுதுவதற்கு முன், இருந்தால் தெரிந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். அவர் மாதிரியில் கொஞ்சம் எடுத்து, அதில் வலதைத் துளியூண்டு கலந்து ஓட்டினாள். வெறும் தரையாக இருந்த இடத்தில் சின்னதாக ஒரு மேடு முளைத்தது.

இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மேலதிகாரி பெருந்தேவி நிதானமாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அறிக்கை கப்பல் கம்பெனிக்கு மெயிலில் போனது.

அவள் டீ குடிக்கக் கீழே இறங்கியபோது அவர்கள் இன்னும் வரவேற்பறையில் இருந்தார்கள். சாயங்காலம்தான் ரயில். கம்பெனியிலிருந்து அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ரெமிஜியுஸ் போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வரை கேட்டது.

"ரெடி சார். எப்பன்னாலும் ரெடி சார்."

ஜெனோவா எழுந்து வந்தாள்.

"மேடம், இன்னொரு தடவ பாத்தா மாறுமா?"

"மாறாது. பயப்படாதீங்க."

"பயமில்ல, மேடம்."

ஜெனோவா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

"கப்பல்லருந்து வந்தப்ப இவளுக்கு அவுகள அடையாளம் தெரியல. வீட்டுக்குள்ள வந்தாவ, இவ அழுதா. இந்த நாலு மாசத்துலதான் அப்பான்னு கூப்பிடுதா."

குழந்தை கண்ணாடியைத் தட்டியது. "அப்பா" என்றது.

ரெமிஜியுஸ் திரும்பாமலே, பொறு என்று கை காட்டினார்.

ஜெனோவா குழந்தையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள்.

"சத்தமாக் கூப்பிடு" என்றாள்.