மூடு போர்டு

"ஊஹூம்"ன்னார் பல் டாக்டர்.

இது ஆறாவது ஊஹூம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்படியே பின்னால சாய்ச்சு, வாயைத் திறங்கன்னு சொல்லியிருப்பேன்.

புதுசாத் திறக்கப் போற கிளினிக்கை உள்ளே அழகு பண்ணித் தரணும்னு எங்ககிட்ட வந்தவர். ஒரு அறை எப்படி இருக்கப் போகுதுன்னு வாயால சொன்னா யாருக்கும் பிடிபடாது. அதனால நிறத் துண்டு, துணித் துண்டு, மரச் சில்லு, நாலு படம்னு ஒரு பலகையில ஒட்டிக் காட்டுவோம். அதுக்குப் பேர் மூட் போர்டு. முதல் நாள் அந்தப் பேரைக் கேட்டதும், "மூடு போர்டா? எதை மூடப் போறீங்க?"ன்னு கேட்டு அவரே சிரிச்சுக்கிட்டார். வேற யாரும் சிரிக்கலை.

சிவப்பு காட்டினோம். "பல்லைப் பிடுங்கினப்புறம் பார்க்க வேண்டிய நிறம்மா இது."

மஞ்சள் காட்டினோம். "பல் டாக்டர்கிட்டயே மஞ்சளா?"

வெள்ளை காட்டினோம். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே."

"ஆஸ்பத்திரிதானே சார்?"

"அது வர்றவங்களுக்குத் தெரியக் கூடாதும்மா."

எங்க ஆபீஸ்ல அவருக்குப் பேரே ஊஹூம் டாக்டர்தான். வேற சமயமா இருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்போம். ஆனா வேற வேலையே வரலை. வெள்ளிக்கிழமைக்குள்ள இதுவும் கை நழுவினா ஆபீஸை மூடறதா மேடம் நோட்டீஸே போட்டுட்டாங்க. வாயால சொன்னா அழுதுடுவோம்னு எழுதிப் போட்டாங்களாம். இன்னிக்கு வியாழன்.

"அவர்கிட்ட நம்ம கஷ்டத்தைச் சொல்லிடாதே. பரிதாபப்பட்டு யாரும் நமக்கு வேலை தர வேண்டாம்"னு காலையிலயே எனக்குக் கண்டிப்பு வேற. பதினோரு வருஷம் ஆபீஸ் நடத்தினவங்க. அந்த ரோஷம் இருக்கத்தானே செய்யும். எனக்கு ரோஷமெல்லாம் இல்லை. இந்த வயசுல வேற எங்கே போய் வேலை கேட்கறதுங்கற பயம்தான்.

டாக்டர் எழுந்தார். போர்டைத் தடவிப் பார்த்ததுல விரலெல்லாம் பசை.

"கை கழுவணும். குழாய் எங்கே?"

உள்ளே, சாப்பிடற இடத்துல இருக்குன்னு காட்டினேன். அவர் போனதும், பிளான் வரையற பென்சில் அண்ணன் என் காதுகிட்ட வந்தார். "கையையா கழுவறார்? நம்மளைக் கழுவறார்."

போன மனுஷன் ரொம்ப நேரம் வரலை. மேடம் சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க.

"ஏம்மா, இங்கே கொஞ்சம் வாங்க"ன்னு உள்ளேயிருந்து குரல்.

மூணு பேரும் ஓடினோம். குழாய்க்கு மேலே இருக்கிற பலகை முன்னால நின்னுட்டிருந்தார்.

"இதை யார் பண்ணது? இவ்வளவு நல்ல போர்டை இங்கே ஒளிச்சு வெச்சுட்டு, எனக்கு எதை எதையோ காட்டியிருக்கீங்க?"

அது ஆபீஸ் நோட்டீஸ் பலகை. ஏழெட்டுத் தாள் கோணல்மாணலா குத்தியிருக்கும். 'சாப்பிட்ட டப்பாவை அவரவரே கழுவவும்.' 'என் கறுப்புக் குடையை எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.' அப்புறம் நாலு மாசமா கிழிக்காத காலண்டர், நூல்ல தொங்கற ஸ்பூன், ஓரத்து ஆணியில ஒரு துண்டு.

"சார், அது வந்து..."

மேடம் என் காலை மிதிச்சாங்க.

"இந்தக் குடை விஷயத்துல ஒரு ஏக்கம் இருக்கு"ன்னார் டாக்டர். "இந்தத் துண்டுல ஒரு ஈரம் இருக்கு, கவனிச்சீங்களா?"

"நிஜ ஈரம் சார். இப்ப நீங்க கை துடைச்சது."

டாக்டர் லேசா இருமினார். "அதான். தொட்டதுமே தெரிஞ்சுது."

"ஸ்பூன் சார்?"ன்னார் பென்சில் அண்ணன், முகத்தை ரொம்பப் பவ்யமா வெச்சுக்கிட்டு.

"ஸ்பூன்..." கொஞ்சம் யோசிச்சார். "தொங்கறது நல்லாயிருக்கு. எனக்கு இந்த மூடுதான் வேணும். ஆர்டர் பேப்பரைக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

பேனா ஏற்கெனவே கையில தயாரா இருந்தது.

அவர் படியிறங்கற வரைக்கும்தான் தாக்குப் பிடிச்சோம். அப்புறம் பென்சில் அண்ணன் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, "இதுல ஒரு ஈரம் இருக்கு"ன்னு ஆரம்பிச்சார். எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது.

"இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்? மூட் போர்டு எது, நோட்டீஸ் போர்டு எதுன்னு தெரியலை. பல்லைத் தவிர மனுஷனுக்கு ஒரு மண்ணும் தெரியாது"ன்னேன்.

மேடம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அது சிரிப்பா அழுகையான்னு எனக்குத் தெரியலை. "போதும். போய் அந்தப் பலகையை ஒரு ஃபோட்டோ எடு. அதே மாதிரி வேணும்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அப்படியே, நான் குத்தின நோட்டீஸையும் எடுத்துக் கிழிச்சுப் போட்டுடு."

போனேன். குடைக்கும் காலண்டருக்கும் நடுவுல, கை கழுவறவங்க கண்ணுக்கு நேரா இருந்தது மேடத்தோட கையெழுத்து.

'வெள்ளிக்குள் பல் டாக்டரின் ஆர்டர் வராவிட்டால் ஆபீஸ் மூடப்படும்.'

அதுக்குக் கீழே நீல மையில, மருந்துச் சீட்டுக் கிறுக்கல்ல, புதுசா ஒரே ஒரு வார்த்தை. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

'ஊஹூம்.'