நடுவர்கள் அசந்த ஓவியம்

பல நாளாகக் காணாத தன் பழைய கைலியைக் கொடியில் தேடிக்கொண்டிருந்தான் அருள்பாண்டி. அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. ரேணுகா பிரஷ்ஷும் கையுமாக இருந்ததால் அவனே எடுத்துப் பேசினான். பேசி முடித்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ரேணு, சென்னையிலருந்து கேலரிக்காரவுக! நீ அனுப்புன ஓவியத்தப் பாத்து நடுவர்கள் மூணு பேரும் அசந்துட்டாகளாம். கண்காட்சியில வைக்கிறாக. சுவர் வாடகை முப்பதாயிரம் மட்டும் நாம கட்டணுமாம்."

"வேணாம்னு சொல்லிருங்க."

ரேணுகா திரும்பக்கூட இல்லை. கேன்வாஸில் நிறம் சரியாக வராத கோட்டையூர் டவுன் பஸ்ஸுக்கு மூன்றாவது முறையாக மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ் விட்டு வந்து ரெண்டு வருசமா விடாம வரையிற. வலிய வர்ற சீதேவிய எட்டி உதைக்கிறியே!"

"அப்படி என்னத்தப் பாத்து அசந்தாகளாம்?"

"கட்டம் கட்டமா இருக்காமே, அதுக்குள்ள ஒரு மனுசன் சிக்கித் தவிக்கிறது அப்படியே தெரியுதாம்."

ரேணுகா சிரிப்பை அடக்க முடியாமல் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். காலடியில் கிடந்த துணியை எடுத்து விரித்துக் காட்டினாள்.

"இந்தா பாருங்க, அந்த ஓவியம். பிரஷ் தொடைக்கிற துணி. எந்த கேலரி கேட்டாலும் மொதல்ல இதத்தான் போட்டோ எடுத்து அனுப்புவேன். 'என்னம்மா, துணிய அனுப்பியிருக்கீக?'ன்னு கேக்குறவுகளுக்குத்தான் நெச ஓவியம்."

அருள்பாண்டி துணியை உற்றுப் பார்த்தான்.

"அடியே, இது என் கைலியாச்சே!"

"ஆமா. அதுக்குள்ள அஞ்சு வருசமாச் சிக்கித் தவிச்ச மனுசனும் நீங்கதானே!"