முதல் ஓட்டு

புது வெர்ஷன் எண்பது சதவீதம் இறங்கியிருக்கும்போதே, என் போட்டோவைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னார் அப்பா.

"முதல்ல உன் முகந்தாம்மா. அப்புறந்தான் கஸ்டமரெல்லாம்."

ஸ்டூடியோவில் படம் எடுப்பது அப்பா. கம்ப்யூட்டரில் திருத்துவது நான். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ.

இந்தப் புது வெர்ஷன் ஆறு வருடச் சண்டை. எங்கள் சாஃப்ட்வேரில் ஆட்டோ என்று ஒரு பட்டன் உண்டு. கேமராவிலிருந்து கை படாமல் வரும் ரா ஃபைலைத் திறந்து அதை அழுத்தினால், வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும். சரிசெய்கிற லட்சணம், எங்கள் நிறத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் மாவு பூசி அனுப்பும்.

"கறுப்பை இருட்டுன்னு நினைக்குது இந்த முட்டாள் மிஷினு" என்பார் அப்பா.

கம்பெனியின் இணையதளத்தில், என்னென்ன மாற்றம் வேண்டும் என்று போட்டோகிராபர்கள் எழுதுவதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஒருவர் ஃபைல் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பார். இன்னொருவர் இருட்டில் எடுத்த படத்தில் விழும் புள்ளிகளைத் துடைக்க வழி கேட்பார். எந்தக் கோரிக்கைக்கு ஓட்டு அதிகமோ, அதைத்தான் கம்பெனி திரும்பிப் பார்க்கும்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. மனிதர்களை அவரவர் நிறத்திலேயே விடு.

உதாரணத்துக்கு என் படத்தை இணைத்தார். அப்போது எனக்குப் பதினெட்டு. முதல் ஓட்டை என்னைத்தான் போடச் சொன்னார். பிறகு சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போன் பண்ணி ஓட்டுக் கேட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று கிண்டல் பண்ணிக்கொண்டேதான் சித்தப்பா போட்டார். எனக்கு அந்தக் கிண்டலும் இனித்தது. மகளின் நிறத்துக்காக, முகம் தெரியாத கம்பெனியோடு எந்த அப்பா மல்லுக்கு நிற்பார்?

இதற்கிடையில் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்று இடத்துக்குப் போட்டோ போனது. மூன்றும் பழைய ஆட்டோவில் வெளுத்தவை. மூன்று வீட்டாரும் ஆசையாக வந்தார்கள். என்னைப் பார்த்ததும் டீ ஆறுவதற்குள் எழுந்துவிட்டார்கள். கடைசியாக வந்த அம்மாள், கையிலிருந்த போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது மூத்தவளா என்று கேட்டாள்.

நான் ஒரே பெண்.

நான்காவது இடம் வந்தபோது சொல்லிவிட்டேன். புது வெர்ஷன் வரட்டும். என் முகம் என் முகமாகவே போகட்டும். பிடித்தவன் வரட்டும், பிடிக்காதவன் அவன் வீட்டிலேயே டீ குடிக்கட்டும். அப்பாவும் சரி என்றார். இன்று சாயங்காலத்துக்குள் போட்டோ அனுப்புவதாகப் பேச்சு.

நூறு சதவீதம். பழசு தன்னை அழித்துக்கொண்டு புதுசு உட்கார்ந்தது. செய்த மாற்றங்களின் பட்டியலில் முதலில் நின்றது அப்பாவின் கோரிக்கை. அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஆட்டோவை அழுத்தினேன்.

திரையில் நான் இருந்தேன். கன்னத்துப் பளபளப்பு, கழுத்தோரம் இன்னும் கொஞ்சம் கருமை, எல்லாம் காலையில் கண்ணாடியில் பார்த்தபடியே. ஆயிரக்கணக்கான முகங்களைத் திருத்தியவள் சொல்கிறேன், அழகாக இருந்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையின் வெளிச்சத்தைக் கடைசி வரை கூட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒரே இருட்டா இருக்கே?"

கையால் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். பின்னாலிருந்த சுவரும் சேர்ந்து வெளுத்தது. முகத்தை மட்டும் ஏற்றச் சொன்னார். தலை ஒருத்தியுடையதும் கழுத்து இன்னொருத்தியுடையதுமாக ஆனது. பழசில் இதெல்லாம் தெரியாமல் வருமே என்று முணுமுணுத்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, மிஷினில் ஏதோ கோளாறு, சரிசெய்ததும் போட்டோ அனுப்புகிறோம் என்றார்.

போன தடவை சரிசெய்ய ஆறு வருடம் ஆனது.

அப்பா என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து, இரண்டு விரலால் தட்டித் தட்டிப் புதுக் கோரிக்கை எழுதினார். பழைய ஆட்டோ பட்டனைத் திரும்பத் தரவும். உதாரணத்துக்கு என் படத்தை இணைத்தார். குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் அதன் லிங்க்கைச் சுடச்சுட அனுப்பிவிட்டார்.

ஓட்டு என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

"நீயே முதல்ல போடும்மா. போன தடவையும் உன் கை ராசிதான்."

மவுஸை என் பக்கம் நகர்த்தினார். குரலில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே செல்லக் குரல்.

நான் கை வைக்கவில்லை.

பூஜ்யம் ஒன்றானது.

திரும்பிப் பார்த்தேன். உள்கதவை ஒட்டி அம்மா போனும் கையுமாக நின்றிருந்தாள். போட்டுட்டேங்க என்று அப்பாவிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் பிறந்த நாளிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள், நிறத்தில் அப்படியே அம்மாவை உரித்து வைத்திருக்கிறேன் என்று.